குறைமாதக் குழந்தைக்கு நாட்பட்ட நுரையீரல் நோய்: வென்டிலேட்டர், சிபேப், ஹை ஃப்ளோ, வீட்டு ஆக்சிஜன் - எது எப்போது, ஏன்?

"சிஸ்டர், பக்கத்து பெட் குழந்தையும் எங்க குழந்தை மாதிரி 27 வாரத்துலதான் பிறந்துச்சு, அது மூக்குல சின்ன ட்யூபோட இருக்கு, எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் இன்னும் பெரிய மிஷின்?"

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கும் இந்த 12 வருடத்தில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் கண்ணில் தூக்கமே இருக்காது. அந்த நேரத்தில் ரவுண்ட்ஸில் டாக்டர் சொல்லும் சிபேப், பீப், எஃப்ஐஓ2 எதுவும் மனதில் நிற்காது. அதனால்தான் உட்கார்ந்து, நிதானமாக, வேண்டியபோது திரும்பப் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். மிஷினில் எந்த எண்ணையும் நீங்கள் மாற்றப் போவதில்லை, மாற்றவும் கூடாது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தால் சரியான கேள்வியைக் கேட்கலாம், தேவையில்லாத பயம் பாதி போகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இந்த மிஷின்களில் எதுவும் நுரையீரலைக் குணப்படுத்தாது. நுரையீரல் வளர்ந்துதான் சரியாக வேண்டும். அது வளர்கிற வரைக்கும் குழந்தைக்கு மூச்சு கொடுத்து, அதே நேரம் நுரையீரலை முடிந்த அளவு குறைவாகக் காயப்படுத்துவதுதான் மிஷினின் வேலை. ஆகவே "எந்த மிஷின் சிறந்தது" என்ற கேள்வியை விடுங்கள். "இந்த வாரம் என் குழந்தையின் நுரையீரலுக்கு எது பொருந்தும், அதோடு குழந்தை எடை போடுகிறதா" என்று கேளுங்கள்.

படி 1: நோய் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

நாட்பட்ட நுரையீரல் நோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதன் முழுப்பெயர் ப்ரான்கோபல்மனரி டிஸ்ப்ளேசியா, சுருக்கமாக பி.பி.டி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1967-ல் இதை முதன்முதலில் விவரித்தார்கள். அன்றைய நோய் வேறு மாதிரி. ஓரளவு பெரிய குறைமாதக் குழந்தைகளுக்கு அதிக அழுத்தத்தோடும் அதிக ஆக்சிஜனோடும் வென்டிலேட்டர் போட்டதில் நுரையீரலில் தழும்பு விழுந்தது. இன்றைக்கு அந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே தப்பித்துவிடுகிறார்கள். இப்போது பி.பி.டி. வருவது 24, 26, 28 வாரங்களில் பிறந்து, முன்பெல்லாம் பிழைத்தே இருக்க மாட்டார்கள் என்ற குழந்தைகளுக்கு.

அந்த வாரங்களில் நுரையீரலில் முழுமையான காற்றறைகளே இருக்காது, பை மாதிரி ஒரு அமைப்பு மட்டும்தான் இருக்கும். சரியான காற்றறைகள் சுமார் 36 வாரத்தில் உருவாகத் தொடங்கி, குழந்தை பிறந்து 2 வயது தாண்டியும் பெருகிக்கொண்டே போகும். இந்தக் கட்டுமான வேலை நடக்கும்போதே காற்றின் அழுத்தம், ஆக்சிஜன், கிருமித் தொற்று எல்லாம் உள்ளே நுழைந்தால் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பத்து அறை கட்ட வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பாமல் இரண்டு பெரிய ஹாலோடு விட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது அந்தச் சுவர்கள் வழியாக. சுவர் குறைந்தால் அதில் ஓட வேண்டிய ரத்தக்குழாயும் குறையும்.

நோய் இருக்கிறதா, எவ்வளவு தீவிரம் என்பதை 36-வது வாரத்தில் கணக்கிடுவார்கள். இந்த 36 என்பது வயிற்றில் இருந்த வாரமும் வெளியே வந்தபின் கழிந்த வாரமும் சேர்ந்தது. 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 9 வாரம் ஆனால் 36. இப்போது பல இடங்களில் பின்பற்றப்படும் 2019-ஆம் ஆண்டு வரையறைப்படி, 36-வது வாரத்தில் எந்த உதவியும் வேண்டாம் என்றால் பி.பி.டி. இல்லை. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வரை தேவைப்பட்டால் முதல் கிரேடு. 2 லிட்டருக்கு மேல், அல்லது சிபேப் (மூக்கு வழியாகத் தொடர்ச்சியாகக் காற்றழுத்தம் கொடுப்பது) போன்ற, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடாத அழுத்த உதவி என்றால் இரண்டாவது கிரேடு. ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இருந்தால் மூன்றாவது. எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஓடுகிறது என்பது இந்தக் கணக்கில் வராது, எந்த வகை மூச்சு உதவி என்பதை மட்டும் வைத்துத்தான் கிரேடு. பழைய வரையறை 2001-ல் வந்தது, அதில் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்த்தார்கள், சில மருத்துவர்கள் இன்றும் அந்தக் கணக்கில் 'லேசான, மிதமான, தீவிர' என்று சொல்வார்கள். எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று குழப்பம் வரும்.

படி 2: மிஷினில் நான்கு எண்களைப் படிக்கப் பழகுங்கள்

எஃப்ஐஓ2 என்பது குழந்தைக்குப் போகும் காற்றில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்பது. நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றில் 21. அதனால் 21-க்குக் கீழே அது போகவே போகாது, "21-க்கு வந்துவிட்டது" என்றால் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றில் இருக்கிறது என்று பொருள்.

பீப் என்பது மூச்சை வெளியே விட்டபின்னும் நுரையீரலுக்குள் மிச்சம் இருக்கும் அழுத்தம், சென்டிமீட்டர் தண்ணீர் என்ற அளவில் சொல்வார்கள். புது பலூனை முதல் முறை ஊதுவதுதான் கஷ்டம், கொஞ்சம் காற்று உள்ளே நின்றுவிட்டால் அடுத்த ஊதல் சுலபம். காற்றறை ஒவ்வொரு மூச்சிலும் முழுசாக மூடித் திறந்தால் அதுவே ஒரு காயம், பீப் அதைத் தடுக்கிறது.

மூன்றாவது, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவு அல்லது அழுத்தம். நான்காவது, நிமிடத்துக்கு மிஷின் எத்தனை மூச்சு கொடுக்கிறது. இவை இரண்டும் வென்டிலேட்டருக்குத்தான் முக்கியம்.

மானிட்டரில் தெரியும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது, மிஷினின் எண் இல்லை, குழந்தையின் எண். அது 100 காட்ட வேண்டும் என்று பல பெற்றோர் ஆசைப்படுவார்கள். "ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர், 92-தான் காட்டுது" என்று ஒரு அப்பா இரவு முழுக்க என் பின்னாலேயே வந்திருக்கிறார். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் மருந்து மாதிரி, அளவு மிஞ்சினால் விழித்திரையையும் நுரையீரலையும் கெடுக்கும். 2010-ல் வெளிவந்த சப்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 24 முதல் 27 வாரக் குழந்தைகள் 1316 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 85-89, இன்னொரு பக்கம் 91-95 என்று சாச்சுரேஷன் வைத்தார்கள். குறைவாக வைத்த பக்கம் தீவிர விழித்திரை பாதிப்பு 8.6 சதவீதம், கூடுதலாக வைத்த பக்கம் 17.9. ஆனால் இறப்பு குறைவாக வைத்த பக்கம்தான் அதிகம், 19.9-க்கு 16.2. அதனால் இன்று பெரும்பாலான இடங்களில் 90 அல்லது 91-லிருந்து 95 வரை என்று வைக்கிறார்கள். ஆக்சிஜன் ஓடும்போது மானிட்டர் 99 காட்டினால் அது நல்ல சேதி இல்லை, குறைக்கச் சொல்லி அலாரம் அடிக்கும். கண் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: ஒவ்வொரு முறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

சிபேப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் துறையே அதைச் சுற்றித்தான் நிற்கிறது. 1971-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரி குழுவினர், மூச்சுத் திணறலில் இருந்த 20 பச்சிளம் குழந்தைகளுக்குத் தொடர்ச்சியான அழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், 16 பேர் பிழைத்தார்கள். மூச்சைக் குழந்தையே விடும், சிபேப் காற்றறை மூடாமல் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இதில் பபிள் சிபேப் என்பது ரொம்ப எளிமையான வடிவம். குழந்தை மூச்சு விடும் குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் அழுத்தம் 5. பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது. மூக்குக் குழாய் நழுவியிருக்கும், அல்லது குழந்தை வாயைத் திறந்து தூங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா இதைப் பார்த்து எங்களைக் கூப்பிடலாம், கூப்பிடுங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்.

பிறந்த உடனே ட்யூப் போடுவதா, சிபேப் போதுமா என்பதை 2008-ல் வந்த காயின் ஆய்வு 25-28 வாரக் குழந்தைகள் 610 பேரிடம் பார்த்தது. சிபேப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் 5 நாளில் ட்யூபே வேண்டியிருக்கவில்லை, மொத்தத்தில் வென்டிலேட்டரில் கழித்த நாட்களும் குறைந்தன. ஆனால் நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்குவது 9 சதவீதம், ட்யூப் போட்டவர்களில் 3 சதவீதம்தான். அந்த ஆய்வில் சிபேப் 8 சென்டிமீட்டரில் தொடங்கியது. காற்றறைகள் மூடி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தை மெல்லிய குழாய் வழியாகக் கொடுத்துவிட்டு, குழந்தையைச் சிபேப்பிலேயே வைத்திருக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது, உங்கள் மருத்துவமனையில் அந்த வழக்கம் உண்டா என்று கேட்கலாம்.

சிபேப்பின் கஷ்டம் மூக்கில். குழாய் மூக்கின் நடுச்சுவரில் அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் சிவக்கும், அப்புறம் புண்ணாகும், கவனிக்காவிட்டால் மூக்கின் வடிவமே கெடும். குழாய்க்கும் நடுச்சுவருக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும், மாஸ்க்கையும் குழாயையும் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. இன்னொன்று வயிறு. காற்று வயிற்றுக்குள்ளும் போய் உப்பிக்கொள்ளும், வாய் வழியாக ஒரு குழாய் வைத்துக் காற்றை வெளியே விடுவோம். உப்பிய வயிறு மிருதுவாக இருந்தால் பெரும்பாலும் காற்றுதான். கெட்டியாக இருந்தாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ விஷயம் வேறு, டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

ஹை ஃப்ளோ என்பது சூடாக்கி ஈரப்படுத்திய காற்றை நிமிடத்துக்கு 2 முதல் 8 லிட்டர் வேகத்தில் சிறிய மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பது. பெற்றோருக்கும் எங்களுக்கும் பிடித்த முறை. முகம் தெரியும், மூக்கு அவ்வளவு புண்ணாகாது, தூக்கி மார்பில் வைப்பது எளிது. ஆனால் உள்ளே எவ்வளவு அழுத்தம் போகிறது என்று அளக்க முடியாது. 2016-ல் வெளிவந்த ஹிப்ஸ்டர் ஆய்வில் 28 வாரம் அல்லது அதற்கு மேல் பிறந்த 564 குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாகவே ஹை ஃப்ளோவா சிபேப்பா என்று பார்த்தபோது, ஹை ஃப்ளோ போதாமல் போனது 25.5 சதவீதம், சிபேப் போதாமல் போனது 13.3. ட்யூப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் ஹை ஃப்ளோ போதாதவர்களைச் சிபேப்பில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது: ஹை ஃப்ளோ இறங்குகிற வழியில் நல்ல படிக்கட்டு, பிறந்த முதல் நாளில் 26 வாரக் குழந்தைக்கு அது போதாது. சிபேப் தயாராகப் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஹை ஃப்ளோவை மட்டும் நம்பக் கூடாது.

என்.ஐ.பி.பி.வி. என்று ஒன்று இருக்கிறது, சிபேப்பின் மேல் இடையிடையே மிஷின் ஒரு மூச்சும் தள்ளும், ட்யூப் கிடையாது, மூக்கு வழியாகத்தான். ட்யூப் எடுத்தபின் மறுபடி போட வேண்டிய நிலைமையைச் சிபேப்பைவிட இது குறைக்கிறது. ஆனால் 2013-ல் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 1009 குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வில் இறப்பு அல்லது பி.பி.டி. என்ற முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இது இல்லாத மருத்துவமனையில் இருக்கிறோமே என்று யாரும் கலங்க வேண்டாம்.

அடுத்தது ட்யூப் போட்ட வென்டிலேட்டர். ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, அதனால் அழுதாலும் சத்தம் வராது. முகம் அழும், சத்தம் இருக்காது. முதல் முறை பார்க்கும் அம்மாக்கள் இதில்தான் உடைந்து போவார்கள், முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம் என்று பலர் சொன்னதால் இங்கே எழுதுகிறேன். ட்யூப் எடுத்தால் குரல் வந்துவிடும், சில நாள் கரகரவென்று இருக்கும்.

வென்டிலேட்டரிலும் வகை உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் இத்தனை மில்லி காற்று என்று அளவைக் குறிவைக்கும் முறை, வெறும் அழுத்தத்தை மட்டும் நிர்ணயிக்கும் பழைய முறையைவிடப் பாதுகாப்பானது, இறப்பு அல்லது பி.பி.டி. என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு இதில் குறைகிறது. மிஷினில் வால்யூம் கேரண்டி என்று போட்டிருக்கும். இன்னொன்று ஹை ஃப்ரீக்வென்சி ஆசிலேஷன். நொடிக்கு 10 அதிர்வு, அதாவது நிமிடத்துக்கு 600 குட்டி மூச்சு. குழந்தையின் நெஞ்சும் வயிறும் அதிர்ந்துகொண்டே இருக்கும், "ஃபிட்ஸா சிஸ்டர்" என்று பதறுவார்கள். இல்லை, அது மிஷினின் அதிர்வு. எல்லாக் குழந்தைக்கும் இதுதான் மேல் என்று சொல்லும் அளவுக்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. சாதாரண வென்டிலேட்டர் போதாதபோது பல இடங்களில் இதைக் கையில் எடுக்கிறார்கள்.

படி 4: முதல் வாரத்துக்கு ஒன்று, நான்காவது மாதத்துக்கு அதன் நேரெதிர்

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், பெற்றோர் மட்டுமில்லை, புதிதாக வரும் செவிலியர்களும் தடுமாறும் இடம் இது.

பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் முழுக்க ஒரே மாதிரி விறைப்பாக இருக்கும். அப்போது கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி என்று சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக, நிமிடத்துக்கு 40 முதல் 60 என்று கொடுப்பார்கள். பெரிய மூச்சு கொடுத்தால் நுரையீரல் கிழியும்.

தீவிர பி.பி.டி. நிலைபெற்ற, மூன்று நான்கு மாதம் ஆன குழந்தையின் நுரையீரல் அப்படி இல்லை. ஒரு பகுதி மூடிக் கிடக்கும், ஒரு பகுதி உப்பிக் கிடக்கும், சில இடங்களில் மூச்சுக்குழல் குறுகிக் காற்று ரொம்ப மெதுவாகத்தான் உள்ளே போய் வெளியே வரும். அடைத்த ஸ்ட்ராவில் வேகமாக ஊதினால் என்ன ஆகும்? நல்ல பகுதிக்கே எல்லாக் காற்றும் போகும், கெட்ட பகுதியில் போன காற்று வெளியே வர நேரமில்லாமல் தேங்கும். அதனால் இந்த நிலையில் கிலோவுக்கு 10 முதல் 12 மில்லி வரை பெரிய மூச்சு, 0.6 நொடி அல்லது அதற்கு மேல் நீளமாக உள்ளே, நிமிடத்துக்கு 20 அல்லது அதற்கும் கீழே என்று நிதானமாகக் கொடுப்பார்கள். மூச்சுக்குழலே தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்குப் பீப்பைக் குறைக்காமல் கூட்ட வேண்டியிருக்கும். அழும்போது திடீரென்று நீலமாகிப் போகும் குழந்தைகளில் சிலருக்குக் காரணம் இந்தத் தளர்ச்சிதான்.

"முன்னாடி 5 மில்லி கொடுத்தீங்க, இப்போ 10 கொடுக்கிறீங்க, நிலைமை மோசமாகிவிட்டதா" என்று கேட்டால் பதில், இல்லை. நோயின் கட்டம் மாறியிருக்கிறது, அதற்கேற்ப உத்தியும் மாறியிருக்கிறது. குழந்தையை எப்படியாவது சீக்கிரம் வென்டிலேட்டரிலிருந்து வெளியே எடுப்பது முதல் கட்டத்தின் நோக்கம். இரண்டாவது கட்டத்தில் குழந்தை அலுப்பில்லாமல் மூச்சு விட்டு, விழித்து, சிரித்து, வளர்வதுதான் நோக்கம். இந்தக் கட்டத்தில் வாரக்கணக்கில் எண்களைக் குறைக்காமல் வைத்திருப்பதும் சிகிச்சைதான்.

கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி பேச்சு வருவதும் இங்கேதான். கேட்டதும் இடி விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டும் என்று உறுதியான குழந்தைக்கு வாயில் ட்யூபோடு மயக்க மருந்தில் படுத்திருப்பதைவிட, கழுத்தில் ட்யூபோடு கையைக் காலை ஆட்டி, உட்கார்ந்து, பொம்மையைப் பிடித்து விளையாட முடிவது பெரிய மாற்றம். நுரையீரல் வளர்ந்ததும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதை எடுத்துவிடலாம். ஆனால் வீட்டில் 24 மணி நேரமும் ட்யூபை உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் மாற்றவும் தெரிந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஆள்பலம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

படி 5: மிஷின் உதவியை எப்போது குறைக்கலாம் என்பதை எடைத் தராசிடமும் கேளுங்கள்

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, சிபேப்பில் நன்றாகவே இருந்தாள். வீட்டில் விசேஷம் இருந்தது, செலவும் ஏறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் அவசரம், எனக்கும்தான். சிபேப்பை எடுத்து மூக்குக் குழாயில் ஆக்சிஜன் மட்டும் வைத்தோம். சாச்சுரேஷன் 93, 94 என்று அழகாக நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் 8 நாள் எடை ஏறவில்லை. பாலில் கிடைத்த சக்தி முழுக்க மூச்சுக்கே போய்விட்டது. நெஞ்சுக்குழி லேசாக உள்ளே இழுத்ததை நான் தினமும் பார்த்தேன், 'பரவாயில்லை, சாச்சுரேஷன் நிற்கிறதே' என்று விட்டேன். திரும்பச் சிபேப் போட்ட மூன்றாவது நாள் எடை ஏறத் தொடங்கியது. அன்றிலிருந்து எந்தக் குழந்தையின் மிஷினைக் குறைத்தாலும் அடுத்த ஒரு வாரம் எடை நோட்டைத்தான் முதலில் திறக்கிறேன்.

ஆகவே மிஷின் உதவியைக் குறைக்கும்போது பார்க்க வேண்டியவை: நிமிட மூச்சு எண்ணிக்கை கூடுகிறதா, நெஞ்சுக்குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கிறதா, மூச்சை மறந்து நிற்பது அதிகமாகிறதா, பால் குடிக்கும்போது களைக்கிறதா, எடை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. சிபேப்பை எடுத்த அதே நாளில் பாலையும் கூட்டி, கஃபீன் மருந்தையும் நிறுத்தினால் எது குழந்தையைச் சோர வைத்தது என்று யாருக்கும் தெரியாது. சில மருத்துவமனைகளில் குழந்தை நன்றாக இருந்தாலும் 32 வாரம் வரையாவது சிபேப்பை எடுக்க மாட்டார்கள், அந்த மிதமான அழுத்தம் நுரையீரல் வளரவும் உதவுகிறது என்ற எண்ணத்தில். அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள்.

மிஷின் இல்லாத உதவிகளும் உண்டு. கஃபீன் அதில் முதலிடம், காபியில் இருக்கும் அதே பொருள்தான், மூளைக்கு மூச்சை நினைவுபடுத்தும். 2006-ல் வெளிவந்த ஆய்வில் கஃபீன் கொடுத்த குழந்தைகளில் பி.பி.டி. 36.3 சதவீதம், கொடுக்காதவர்களில் 46.9. ஒரு மலிவான மருந்துக்கு இது பெரிய வித்தியாசம். வென்டிலேட்டரிலிருந்து இறங்கவே முடியாத குழந்தைக்குக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு, அதில் மூளை வளர்ச்சி பற்றிய கவலையும் இருப்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள், அவசரப்படுத்த வேண்டாம். அப்புறம் தாய்ப்பால், அதுவும் பிழிந்த பாலாக இருந்தாலும் சரி. அப்புறம் கங்காரு முறையில் மார்போடு அணைப்பது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் செய்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில் முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. சிபேப் போட்டிருக்கும் குழந்தையையும் நிலையாக இருந்தால் மார்பில் வைக்கலாம். நீங்களே கேளுங்கள். அப்பாவும் வைக்கலாம்.

36-வது வாரத்தில் மிதமான அல்லது தீவிர பி.பி.டி. என்றால் இதய எக்கோ எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தால் வெளியில் பார்த்துத் தெரியாது. அது இருந்தால் ஆக்சிஜன் குறிக்கோளே மாறும், சாச்சுரேஷனை 92-க்குக் கீழே விடக் கூடாது.

படி 6: வீட்டுக்கு ஆக்சிஜனோடு போவது

ஆக்சிஜனோடு டிஸ்சார்ஜ் என்றால் சிகிச்சை முடியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். கடைசியாக மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் ஆக்சிஜனுக்காக இரண்டு மாதம் கூடுதலாக வார்டில் கிடந்தால் கிருமித் தொற்றுதான் கிடைக்கும். வீட்டில் அம்மா மடியில் அதே ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு வளரலாம்.

வீட்டுக்குத் தேவையானவை: அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர், கரண்ட் போனால் எடுக்க ஒரு சிலிண்டர், குழந்தை அளவு மூக்குக் குழாய்கள், பல்ஸ் ஆக்ஸிமீட்டர். பெரியவர்கள் விரலில் மாட்டும் க்ளிப் ஆக்ஸிமீட்டர் குழந்தைக்கு ஆகாது, பாதத்தில் சுற்றும் சென்சார் உள்ளது வேண்டும். ஃப்ளோமீட்டரைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஃப்ளோமீட்டரில் 1-லிருந்து 15 லிட்டர் வரை கோடு இருக்கும், உங்கள் குழந்தைக்கு வேண்டியது 0.1 அல்லது 0.25 லிட்டர், அதை அதில் வைக்கவே முடியாது. குறைந்த அளவு காட்டும் லோ ஃப்ளோ மீட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு அரை லிட்டர் போனால் 50 மணி நேரம் வரும். உங்கள் குழந்தையின் அளவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள், மழை நாளில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போவது நம் ஊரில் புதிதா என்ன.

அப்புறம் பாட்டிமார்களிடம் பேச வேண்டிய விஷயம், மரியாதையோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டக் கூடாது, தலை காய்வதற்காகக்கூட கூடாது, கொஞ்சமாகவும் கூடாது. இந்த நுரையீரலுக்குப் புகை விஷம். ஊதுபத்தி, கொசுவர்த்தி, விறகடுப்பு, பீடி சிகரெட் எல்லாம் அதே கணக்கு. மூக்கில் எண்ணெய் விடுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் ஊதுவதும் வேண்டவே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா. ஆக்சிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கும் ஏற்றக் கூடாது, ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு நொடியில் பரவும். சாமி படத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் சாச்சுரேஷனைப் பொதுவாக 93-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், உங்கள் டாக்டர் சொன்ன எண்ணையே பின்பற்றுங்கள். பால் குடிக்கும்போதும் தூங்கும்போதும் பாருங்கள், விழித்துச் சிரிக்கும்போது மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கில்தான், குறைமாதத்தைக் கழிக்க வேண்டாம். 6 மாதம் ஆனதும் ஃப்ளூ ஊசி, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து. சளி பிடித்தவர் யாராக இருந்தாலும், தாய்மாமனே ஆனாலும், வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும்.

உதடு நீலமாகிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, நெஞ்சுக்குழி ஆழமாக இழுக்கிறது, பாலைப் பாதிக்கு மேல் மறுக்கிறது, எப்போதும் வைக்கும் ஆக்சிஜனில் சாச்சுரேஷன் ஏறவில்லை - இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவருகே மாட்டிவையுங்கள்.

ஆக்சிஜனை நிறுத்தும்போது முதலில் பகலில் விழித்திருக்கும் நேரம், பிறகு பகல் தூக்கம், கடைசியில்தான் இரவு. இரவு முழுக்க சாச்சுரேஷன் பதிவு செய்து பார்த்தபின் டாக்டர் முடிவெடுப்பார். குழாயைக் கழற்றிய முதல் இரவு நீங்கள் தூங்கப் போவதில்லை, தெரியும். எடை நோட்டை இன்னும் இரண்டு மாதம் தொடருங்கள். கான்சென்ட்ரேட்டரை உடனே திருப்பிக் கொடுத்துவிடவோ விற்றுவிடவோ வேண்டாம், ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் முழுசாகத் தாண்டட்டும், முதல் பெரிய சளியில் மறுபடி நாலு நாள் தேவைப்படலாம்.